லிஃப்ட் போட்ட வண்டி நேராக ஓட மறுத்தால்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

வண்டியை 2 அங்குலம் தூக்கியாச்சு, பெரிய டயரும் மாட்டியாச்சு, பார்க்க கம்பீரமாக நிற்கிறது. ஆனால் சாலையில் ஏற்றி 80-ஐத் தொட்டதும் வண்டி இடமும் வலமுமாக அலைகிறது, நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது, சின்னப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலே முன்பக்கம் மொத்தமும் உதறுகிறது. இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் நேராக அலைன்மென்ட் போடப் போகிறார்கள், இல்லையென்றால் தடிமனான ஸ்டீயரிங் டாம்பர் (ஸ்டீயரிங் நடுக்கத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டையும் நானும் செய்திருக்கிறேன், இரண்டிலும் தீரவில்லை. காரணம், இந்த வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் ஆட்டம் இருக்கிற மூட்டுகள், அப்புறம் ஆக்சில் நடுவில் நிற்கிறதா, அதற்குப் பிறகு கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்), அப்புறம் டோ (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு), எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்டீயரிங்கை நடுவுக்குக் கொண்டுவருவது. வரிசையை மாற்றினால் முன்பு செய்த வேலையைப் பின்னால் செய்கிற வேலை கெடுத்துவிடும்.

நீங்கள் போட்டது பாடி லிஃப்டா சஸ்பென்ஷன் லிஃப்டா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பாடி லிஃப்டில் சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைத்துத் தூக்குகிறோம், சஸ்பென்ஷன் கோணங்கள் எதுவும் மாறாது. அதில் ஸ்டீயரிங் கோளாறு வந்தால் பார்க்க வேண்டியது ஸ்டீயரிங் வீலின் தண்டிலிருந்து ஸ்டீயரிங் கியர் பாக்ஸுக்கு வரும் இடைத்தண்டும் அதன் யூ-ஜாயின்ட்டும்தான். கோணம் அதிகமானால் திருப்பும்போது ஓர் இடத்தில் இறுகி இன்னோர் இடத்தில் இளகும். இனி சொல்லப்போவது எல்லாம் சஸ்பென்ஷன் லிஃப்டுக்கு. அதிலும் பெரும்பகுதி முன்னால் முழு ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் ஒரே குழாயாக இணைப்பது) உள்ள ஜீப் ராங்லர், சுஸுகி ஜிம்னி, லேண்ட் க்ரூஸர் 80, பழைய டிஃபெண்டர் மாதிரி வண்டிகளுக்கு. தனித்தனி சஸ்பென்ஷன் உள்ளவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தூக்கினால் ஏன் இதெல்லாம் கெடுகிறது

ஆக்சில் நேர் கீழே இறங்குவதில்லை. அதைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு ஆர்மும் ஒரு முனையில் சேஸிஸில் கீல் போட்டதுபோல மாட்டியிருக்கிறது, அதனால் மறுமுனை ஒரு வட்டத்தின் விளிம்பில்தான் நகர முடியும். ஸ்பிரிங்கை உயரமாக்கினால் ஆக்சில் கீழே போகிறது, கூடவே கொஞ்சம் பின்னால் போகிறது, பக்கவாட்டில் நகர்கிறது, தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவும் செய்கிறது. கம்பெனிக்காரன் ஓர் உயரத்துக்காகக் கணக்கிட்டு வைத்த நீளங்களை அப்படியே வைத்துக்கொண்டு உயரத்தை மட்டும் நாம் மாற்றுகிறோம், கோளாறு எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

இதில் டோவைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். டை ராடு ஒரு சக்கரத்தின் நக்கிளிலிருந்து (ஸ்டீயரிங்கோடு திரும்பும், சக்கரத்தைத் தாங்கும் பாகம்) மறு சக்கரத்தின் நக்கிள்வரை ஒரே தண்டாகப் போகும் வண்டியில், தூக்கியதால் டோ பெரிதாக மாறுவதில்லை, ஏனென்றால் டை ராடும் இரண்டு நக்கிள்களும் ஆக்சிலோடு சேர்ந்தே இறங்குகின்றன. அதனால் டோவை மட்டும் சரி செய்து, எல்லாம் சரி என்று பச்சை நிறத்தில் ஓர் அலைன்மென்ட் தாள் கொடுத்தால் வண்டி அலைவது நிற்காது. டை ராடு டிராக் லிங்கில் (ஸ்டீயரிங் கியர் பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) வந்து சேரும் வகை, அதாவது பழைய ஜீப் டிஜே போன்றவற்றில் தலைகீழ் ஒய் எழுத்துபோல இருக்கும் அமைப்பு, அதில் மட்டும் தூக்கினாலே டோ மாறும்.

முதலில் ஆட்டம்

எந்தக் கோணத்தையும் அளப்பதற்கு முன் சக்கரத்தின் உள்பக்கத்தைக் கழுவுங்கள். சேற்றில் போய்வந்த பிறகு ரிம்மின் உள்ளே காய்ந்து ஒட்டிய மண் ஒரு கைப்பிடி இருந்தால்கூட சக்கரம் உதறும். அப்புறம் டயர் காற்று, இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள்; இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில்.

இப்போது முக்கியமான சோதனை. வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பவர் ஸ்டீயரிங் வேலை செய்ய எஞ்ஜினை ஓடவிடுங்கள். உள்ளே ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கால் சுற்று, வேகமாக இல்லாமல் நிதானமாக, திரும்பத் திரும்ப ஆட்ட வேண்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள்: ஸ்டீயரிங் கியர் பாக்ஸ் சேஸிஸில் அசைகிறதா, பிட்மன் ஆர்ம் (கியர் பாக்ஸிலிருந்து டிராக் லிங்கைத் தள்ளும் நெம்புகோல்), டிராக் லிங்கின் இரண்டு முனை, டை ராடின் இரண்டு முனை, பான்ஹார்ட் ராடின் இரண்டு முனை. ஒரு பாகம் நகர்ந்த பிறகு அடுத்த பாகம் தாமதித்து நகர்ந்தால் அங்கே ஆட்டம் இருக்கிறது. மூட்டின் மேல் விரல் வைத்தால் ஒரு சின்ன டக் என்ற தட்டு தெரியும்; கண்ணைவிட விரல் இதில் நம்பகமானது, ஆனால் இரண்டு உலோகம் நெருங்குகிற இடைவெளிக்குள் விரலை விடாதீர்கள்.

இந்தப் பட்டியலில் முதல் சந்தேகம் பான்ஹார்ட் ராடின் மேல். ராங்லர் ஓட்டுபவர்கள் அதை ட்ராக் பார் என்பார்கள். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பது அது ஒன்றுதான், அதன் போல்ட் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் போதும். என் வண்டியில் 75 கிலோமீட்டர் வேகத்தில் பாலத்தின் இணைப்பில் ஏறினால் முன்பக்கம் கையைப் பிடுங்குகிற அளவுக்கு நடுங்கும். வீல் பேலன்ஸ் இரண்டு முறை, புது டாம்பர் ஒரு முறை. டாம்பர் மாட்டிய பிறகு இரண்டு மாதம் நன்றாக இருந்தது, அப்புறம் முன்பைவிட மோசமாக வந்தது. கடைசியில் பார்த்தால் ஆக்சில் பக்க பிராக்கெட்டில் போல்ட் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. லிஃப்ட் போட்டவர்கள் போல்ட்டை அரைகுறையாக இறுக்கியதில் தொடங்கிய தேய்மானம். துளையைச் சுற்றித் தடித்த தகடு வெல்டிங் செய்து, சரியான அளவு புது போல்ட் போட்டு, டார்க் ரென்ச்சில் இறுக்கியதோடு நடுக்கம் போனது. அந்த இரண்டு மாதமும் தேய்மானத்தை டாம்பர் மூடி வைத்திருந்தது, நான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். அதனால்தான் டாம்பரைக் கடைசியில் வாங்குங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டெத் வாபிள் எனப்படும் அந்த நடுக்கம் ஓட்டும்போது வந்தால் ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மெதுவாக வேகத்தைக் குறையுங்கள். பதறி எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டாம், பிரேக்கை ஒரேயடியாக மிதிக்கவும் வேண்டாம். அதற்குப் பிறகு காரணம் தெரியும்வரை அந்த வண்டியை வேகமான சாலையில் எடுக்காதீர்கள்.

அடுத்து முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? தெரிந்தால் உள்ளே ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் நக்கிள் திரும்பும் மூட்டு, அதாவது பால் ஜாயின்ட் அல்லது கிங்பின். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராடு முனை. தேய்ந்ததை மாற்றிவிட்டு மேலே போங்கள். டை ராடு முனையின் நட்டை இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் துளை சேரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் சேர்க்க வேண்டும், தளர்த்திச் சேர்க்கக் கூடாது.

லிஃப்ட் வேலையில் அதிகம் தவறவிடுவது இன்னொன்று: ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிடுகிறார்கள். வண்டியைக் கீழே இறக்கியதும் அந்த ரப்பர் முறுக்கப்பட்ட நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. உங்கள் வண்டியில் எப்படிச் செய்தார்கள் என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் தளர்த்தி, வண்டியை நாலு தடவை அமுக்கி விட்டு, தரையிலேயே மறுபடி இறுக்குங்கள்.

ஆக்சில் நடுவில் நிற்கிறதா

பான்ஹார்ட் ராடின் ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்சிலில். தூக்கியதும் ராடு சாய்கிறது, அதன் கிடைமட்ட நீளம் குறைகிறது, ஆக்சில் முழுவதும் ராடு சேஸிஸில் மாட்டியிருக்கும் பக்கம் இழுக்கப்படுகிறது. எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். 850 மில்லிமீட்டர் ராடு, முதலில் இரண்டு முனைக்கும் உயர வித்தியாசம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் தூக்கினால் ஆக்சில் சுமார் 4 மில்லிமீட்டர்தான் நகரும், 100 மில்லிமீட்டர் தூக்கினால் சுமார் 12. உயரம் இரண்டு மடங்கானால் நகர்வு மூன்று மடங்காகிறது. அதனால் சின்ன லிஃப்டில் இதை விட்டுவிடலாம், பெரிய லிஃப்டில் விட முடியாது.

அளப்பது எளிது. சமதளத்தில் வண்டியைக் கொஞ்சம் முன்னால் உருட்டி நிறுத்தி, சேஸிஸில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான ஓர் இடத்திலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலிலிருந்து டயரின் பக்கச்சுவர்வரை அளந்து பாருங்கள். இரண்டு பக்க வித்தியாசத்தில் பாதிதான் ஆக்சில் நகர்ந்த அளவு. சரி செய்ய, நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடு போட வேண்டும், அல்லது ஆக்சில் பக்க முனையை உயர்த்தும் பிராக்கெட். பின் ஆக்சிலிலும் பான்ஹார்ட் இருந்தால் அதையும் அளந்துவிடுங்கள். முன்னது ஒரு பக்கமும் பின்னது மறுபக்கமும் நகர்ந்திருந்தால் வண்டி நண்டு நடப்பதுபோல லேசாகக் கோணிக்கொண்டு போகும்.

இங்கேதான் டிராக் லிங்க்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வண்டியின் முன்னால் உட்கார்ந்து பாருங்கள்: டிராக் லிங்க்கும் பான்ஹார்ட் ராடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், நீளமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சக்கரம் மேடேறும்போது இரண்டும் ஒரே வட்டத்தில் நகரும், ஸ்டீயரிங் அசையாது. கோணம் வேறுபட்டால் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தானாகத் திரும்பும், இதுதான் பம்ப் ஸ்டீயர். டிராக் லிங்க் ரொம்பச் சாய்ந்துவிட்டது என்று கீழிறங்கிய பிட்மன் ஆர்மை மட்டும் மாட்டிவிட்டு பான்ஹார்டை விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. ஒன்றை மாற்றினால் மற்றதையும் அதே அளவு மாற்றுங்கள், இல்லையென்றால் இரண்டையும் தொடாதீர்கள். சாய்ந்திருந்தாலும் இணையாக இருக்கும் ஜோடி பரவாயில்லை.

கேஸ்டர்

வண்டி அலைவதற்கும், வளைவில் திரும்பிய பிறகு ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராததற்கும் ஆட்டம் எதுவும் இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதும் கையை விட்டாலும் அது நேராகப் போவதற்கு ஒரு காரணம். அதே சாய்வுதான் கேஸ்டர். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மேல் பால் ஜாயின்ட் கீழ் பால் ஜாயின்ட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். தூக்கும்போது ஆக்சிலின் மேல்பகுதி முன்னோக்கிச் சுற்றி அந்தச் சாய்வு குறைகிறது.

ரேடியஸ் ஆர்ம் (ஆக்சிலோடு இறுக்கமாகப் பிணைந்து சேஸிஸில் கீல் போட்ட ஒற்றை ஆர்ம்) உள்ள ஜிம்னி, லேண்ட் க்ரூஸர் 80, டிஃபெண்டர் போன்றவற்றில் இழப்பு அதிகம், ஏனென்றால் ஆர்ம் எவ்வளவு கோணம் திரும்புகிறதோ அவ்வளவும் ஆக்சில் திரும்புகிறது. ஆர்ம் 800 மில்லிமீட்டர், தூக்கியது 50 மில்லிமீட்டர் என்றால் சுமார் 3.5 டிகிரி போய்விடும். ராங்லர்போல மேலும் கீழும் தனித்தனி ஆர்ம் உள்ளதில் இழப்பு குறைவு. முழு ஆக்சில் வண்டியில் பெரிய டயரோடு ஓட்ட 4-லிருந்து 6 டிகிரிவரை பெரும்பாலும் நன்றாக இருக்கும், உங்கள் வண்டியின் கையேட்டு எண்ணை அடிப்படையாக வையுங்கள்.

இன்னும் லிஃப்ட் போடாதவர்கள் ஒரு வேலை செய்துவைத்தால் பின்னால் பெரிய உதவி: முன் டிஃபரன்ஷியலின் பினியன் ஃப்ளேஞ்ச் (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து மாட்டும் தட்டு) முகத்தில் கோணமானியை வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தூக்கிய பிறகு அதே இடத்தில் மறுபடி அளந்தால் கிடைக்கும் வித்தியாசம்தான் நீங்கள் இழந்த கேஸ்டர், ஏனென்றால் பினியனும் நக்கிளும் ஒரே ஆக்சில் குழாயில் இறுகியிருக்கின்றன.

திரும்பப் பெற வழிகள் பல. ரேடியஸ் ஆர்முக்கு, துளை மையம் விலகிய கேஸ்டர் புஷ்கள். ஆர்மின் சேஸிஸ் முனையைக் கீழிறக்கும் பிராக்கெட்டுகள். வளைவு மாற்றிச் செய்த புது ஆர்ம்கள். நான்கு ஆர்ம் உள்ளதற்கு நீளம் மாற்றக்கூடிய ஆர்ம்கள்: கீழ் ஆர்மை நீட்டினாலோ மேல் ஆர்மைக் குறைத்தாலோ கேஸ்டர் கூடும். என் தேர்வு, சின்ன லிஃப்டுக்குப் பிராக்கெட். கேஸ்டரும் திரும்புகிறது, ஆர்ம் மறுபடி தட்டையாக நிற்பதால் மேட்டில் மோதும் அதிர்ச்சியும் குறைகிறது. ஆனால் பாறையில் ஏறுகிறவர்களுக்கு அந்தப் பிராக்கெட் தட்டும், அவர்கள் ஆர்மையே மாற்றுவது நல்லது.

லீஃப் ஸ்பிரிங் முன்னால் உள்ள வண்டிக்கு ஆப்பு வடிவ ஷிம். ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே இருந்தால் ஷிம்மின் தடித்த பக்கம் பின்னால், ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே இருந்தால் தடித்த பக்கம் முன்னால். அப்போதுதான் ஆக்சிலின் மேல்பகுதி பின்னோக்கிச் சாயும். இரும்பு ஷிம்மே வாங்குங்கள், அலுமினியம் நசுங்கும், உடையவும் செய்யும். யூ-போல்ட்டைக் கழற்றினால் புதிது போடுங்கள்.

கேஸ்டரைக் கூட்டும்போது ஒன்றை இழக்கிறீர்கள், அதைத் தெரிந்தே செய்ய வேண்டும். நக்கிள் பின்னால் சாயும்போது பினியன் கீழே குனிகிறது, முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடுகிறது. கேஸ்டர் சரியான பிறகு வண்டியின் தளத்தில் ஒரு புது அதிர்வு, ஸ்டீயரிங்கில் இல்லாமல் உட்காரும் இடத்தில் வந்தால் அது இந்த ஷாஃப்ட்தான். பார்ட்-டைம் ஃபோர்-வீல் வண்டியானால் முன் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு பின் சக்கர இயக்கத்தில் ஓட்டிப் பாருங்கள், அதிர்வு போனால் உறுதி. அப்போது ஒரு டிகிரி கேஸ்டரை விட்டுக்கொடுப்பதா, வேறு ஜாயின்ட் உள்ள ஷாஃப்ட் போடுவதா என்று முடிவெடுங்கள்.

டோ, அப்புறம் ஸ்டீயரிங் நடு

டோவை வீட்டிலேயே துல்லியமாக வைக்கலாம். முன்பக்கத்தைத் தூக்கி, டயரைச் சுற்றவிட்டபடி நடுவில் சுண்ணாம்போ பெயின்ட்டோ தடவி, கட்டையில் அடித்த ஓர் ஆணியை அசையாமல் வைத்து மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் கீறுங்கள். டயரின் கட்டங்களைப் பார்த்து அளந்தால் தவறும், இந்தக் கோடு தவறாது. வண்டியை இறக்கி, கொஞ்சம் முன்னால் உருட்டி நிறுத்துங்கள், பின்னால் உருட்ட வேண்டாம். இப்போது ஹப் உயரத்தில் இரண்டு கோடுகளுக்கும் உள்ள தூரத்தை டயரின் முன்பக்கமும் பின்பக்கமும் அளக்கவும். பின்னால் சேஸிஸ் தடுத்தால் தூக்குக்குண்டால் கோட்டைத் தரைக்கு இறக்கி அங்கே அளக்கலாம். முன்பக்க அளவு 1.5-லிருந்து 3 மில்லிமீட்டர்வரை குறைவாக இருப்பது, அதாவது லேசான டோ-இன், பெரும்பாலான முழு ஆக்சில் வண்டிக்குப் பொருந்தும். டை ராடைச் சுற்றிச் சரி செய்து, இரண்டு கிளாம்பையும் இறுக்கி, மறுபடி ஒருமுறை உருட்டி அளந்து பாருங்கள்.

கோணலாக நிற்கும் ஸ்டீயரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டுவது தவறு. அப்படிச் செய்தால் கியர் பாக்ஸ் அதன் நடுவில் நிற்காது, ஒரு பக்கம் முழுமையாகத் திரும்பாது, சென்சார் உள்ள வண்டியில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் நீங்கள் வளைவில் போவதாக நினைத்துத் தேவையில்லாமல் பிரேக் போடும். நேர்ச் சாலையில் ஓட்டி வந்து நிறுத்தி, எஞ்ஜினை அணைத்து, ஸ்டீயரிங் பூட்டாமல் வைத்து, டிராக் லிங்கின் நடுக்குழாய்க் கிளாம்பைத் தளர்த்திச் சுற்றுங்கள். சக்கரங்கள் தரையில் அழுந்தி நிற்பதால் உள்ளே ஸ்டீயரிங் வீல் நகர்வது தெரியும். நடுவுக்கு வந்ததும் இறுக்கி ஓட்டிப் பாருங்கள். தலைகீழ் ஒய் அமைப்பில் இதைத் தொட்டால் டோவும் மாறும், அதனால் மறுபடி அளக்க வேண்டும். சென்சார் இருந்தால் ஸ்கேனரில் பூஜ்ஜியத்தைப் புதிதாகப் பதிவு செய்துவிடுங்கள்.

தனித்தனி சஸ்பென்ஷன் என்றால்

ஹைலக்ஸ் போன்றவற்றில் தூக்கினால் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்; மேல்பகுதி வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ்), கேஸ்டர், டோ மூன்றும் ஒன்றாக மாறும், அதனால் இங்கே அலைன்மென்ட் இயந்திரம் இல்லாமல் முடியாது. ஆட்டம் பார்ப்பது மட்டும் அதே மாதிரி, அதை முடித்துவிட்டே போங்கள். சரி செய்யும் வரிசை கேஸ்டர், கேம்பர், கடைசியில் டோ, ஏனென்றால் முதல் இரண்டையும் தொட்டால் டோ நகரும். கீழ் ஆர்மின் கேம் போல்ட்டுகள் கடைசிவரை திருப்பியும் கேஸ்டர் போதவில்லை என்றால் மேல் ஆர்மை லிஃப்டுக்கென்று செய்ததாக மாற்ற வேண்டியதுதான், அதைத் தவிர்த்து வேறு எங்கேயோ சரிக்கட்டச் சொல்லாதீர்கள். வண்டி கேஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும், பாசிட்டிவ் கேம்பர் கூடின பக்கமும் இழுக்கும். இடம் வலம் வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருக்கட்டும். டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை, மேல் பால் ஜாயின்ட்டின் கோணம், முழுதாகத் திருப்பும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதையும் பாருங்கள்.

எந்த வண்டியானாலும் அலைன்மென்ட் போட்டால் முன்பின் எண்கள் உள்ள தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நிறத்தைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். தொட்ட எல்லா நட்டிலும் பிராக்கெட்டையும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டு 100 கிலோமீட்டர் ஓட்டுங்கள், பிறகு கீழே படுத்துப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் அந்தப் போல்ட் நகர்ந்திருக்கிறது. டார்க் ரென்ச்சில் மறுபடி இறுக்கி, முதல் காட்டுப் பயணம் முடிந்து வந்ததும் இன்னொரு முறை பாருங்கள். முன்விளக்கின் கோணத்தையும் இறக்கி வையுங்கள், வண்டி உயர்ந்த பிறகு அது எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது.